அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புப் பகுதிகளும்: நகர மண்டல விதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருமுனையில் பல மாடி அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பம் வந்திருப்பதாக அறிவிப்பு வெளியாகும் நாளில்தான் பெரும்பாலானோர் மண்டல விதிகளை முதன்முறையாகப் படிக்கிறார்கள். அப்போது எழும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அலுவலகங்களே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அலுவலகத்துக்கு அனுமதி தரும்போதே அங்கு வேலை செய்யப் போகிறவர்களுக்கான வீடுகளும் அதே கணக்கில் வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதைத் தெரிந்துகொண்டு வாசகர் இதைப் படிப்பது நல்லது.

மண்டல விதி எதைக் கட்டுப்படுத்துகிறது?

ஒரு மனையில் எந்தப் பயன்பாடு நடக்கலாம், எவ்வளவு பரப்புக்குக் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் ஆகிய நான்கையும் அது தீர்மானிக்கிறது. பொதுவாகப் பேச்சில் முதலில் அடிபடுவது பயன்பாடுதான். ஆனால் ஒரு கட்டடம் அக்கம்பக்கத்தின் மீது எவ்வளவு சுமையை ஏற்றும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது தளப்பரப்புக் குறியீடு. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டினால் அது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. 1,000 சதுர மீட்டர் மனைக்குக் குறியீடு 2 என்றால், அங்கே மொத்தம் 2,000 சதுர மீட்டர் கட்டலாம்.

இந்த எண்ணுக்கு வரம்பே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நியூயார்க் 1915இல் கண்டது. அந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டடம், ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி அலுவலகப் பரப்பை அடுக்கியிருந்தது. இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 30 என்ற குறியீடு. சுற்றியிருந்த கட்டடங்கள் வெளிச்சத்தை இழந்தன. அடுத்த ஆண்டே, 1916இல், நகரம் முழுவதுக்குமான மண்டலத் தீர்மானத்தை நியூயார்க் நிறைவேற்றியது. உயரம் கூடக் கூடக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்ற விதி அதில்தான் வந்தது. அந்தக் காலத்து வானுயர் கட்டடங்கள் படிக்கட்டு வடிவில் இருப்பதற்கு அதுவே காரணம்.

வீடுகளிலிருந்து வேலையிடங்களைப் பிரித்து வைத்தது ஏன்?

தொடக்கத்தில் இதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. புகை, துர்நாற்றம், இயந்திர இரைச்சல் ஆகியவை வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை யாரும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகருக்கு அருகிலுள்ள யூக்ளிட் என்னும் ஊரின் மண்டல விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926இல் செல்லும் என்று தீர்ப்பளித்ததும், பயன்பாடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை வேகமாகப் பரவியது. ஆனால் அதே தீர்ப்பு, தனி வீடுகள் உள்ள பகுதிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒரு தொல்லையே என்ற வாதத்தையும் ஏற்றுக்கொண்டது. இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். தொல்லையைத் தடுப்பதற்காகப் பிறந்த விதி, குறைந்த வருமானம் உள்ளவர்களை வெளியே நிறுத்துவதற்கும் முதல் நாளிலிருந்தே பயன்பட்டது.

அலுவலகத்தில் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. பிறகு எதற்காக அதைக் கட்டுப்படுத்த வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் பாதிப்புகள் உண்டு. காலையிலும் மாலையிலும் ஒரே மணி நேரத்தில் குவியும் வாகனங்கள், குறுகிய தெருக்களில் நிற்கும் வண்டிகள், மொட்டைமாடியில் வரிசையாக ஓடும் குளிரூட்டும் கருவிகள், அண்டை வீட்டின் மீது விழும் நிழல், விடுமுறை நாட்களிலும் இரவிலும் ஆளரவமற்றுப் போகும் நடைபாதை. இவற்றில் பெரும்பாலானவற்றை நல்ல வடிவமைப்பால் குறைக்க முடியும்.

வடிவமைப்பால் தீர்க்க முடியாத பாதிப்பு நில மதிப்பில் இருக்கிறது. தேவை மிகுந்த இடத்தில் ஒரு சதுர மீட்டர் அலுவலகம் தரும் வாடகை, அதே பரப்பில் உள்ள வீடு தரும் வாடகையைவிட அதிகமாக இருக்கும்போது, இரண்டையும் அனுமதிக்கும் மண்டலத்தில் மனையின் விலை அலுவலகக் கணக்கிலேயே நிர்ணயமாகிறது. அதன்பின் பழைய வீட்டைப் பழுது பார்ப்பது உரிமையாளருக்கு நட்டமாகவும், குடியிருப்பவரை வெளியேற்றிவிட்டுக் காத்திருப்பது இலாபமாகவும் தோன்றத் தொடங்குகிறது. 1960களில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் வெஸ்டெண்ட் பகுதியில் நடந்தது இதுதான். நகர நிர்வாகம் அந்தப் பழைய குடியிருப்புப் பகுதியை வங்கிகளும் அலுவலகங்களும் விரிவடையும் இடமாக ஒதுக்கியதும் மனைகள் கைமாறின, வீடுகள் காலியாக விடப்பட்டுச் சிதைந்தன, பல இடிக்கப்பட்டன. 1969இல் குடியிருப்போர் அமைப்பாகத் திரண்டனர். 1970இல் காலி வீடுகளுக்குள் ஆட்கள் புகுந்து குடியேறும் போராட்டங்கள் தொடங்கின. பல மனைகளில் அலுவலகம் எழுவதற்கு முன்பே, எழலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே பல குடும்பங்களை வெளியேற்றப் போதுமானதாக இருந்தது.

நகர நிர்வாகங்கள் அலுவலகங்களை விரும்பி வரவேற்பது ஏன்?

வரவு செலவுக் கணக்குதான் காரணம். அலுவலகம் சொத்து வரி செலுத்துகிறது, ஆனால் பள்ளியில் இடமோ குழந்தைகளுக்கான மருத்துவ நிலையமோ கேட்பதில்லை. ஒரு புதிய குடியிருப்பு இவை எல்லாவற்றையும் கேட்கிறது. கலிஃபோர்னியாவில் 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரி விகிதத்தைப் பொதுவாக மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கியது. அதன் பிறகு அங்குள்ள பல ஊர்கள் வேலையிடங்களையும் கடைகளையும் போட்டியிட்டு அழைத்துக்கொண்டு, வீடுகளை அடுத்த ஊரின் பொறுப்பாக விட்டன. ஒவ்வோர் ஊரும் தன் அளவில் சிக்கனமாகவே நடந்துகொண்டது. ஆனால் எல்லா ஊர்களும் அப்படியே செய்தபோது வட்டாரம் முழுவதும் வீட்டுத் தட்டுப்பாட்டில் சிக்கியது. சம்பளம் உயர்ந்தவர்களுக்கு வாடகை உயர்ந்தது, சம்பளம் உயராதவர்கள் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்யத் தொடங்கினர்.

ஓர் அலுவலகத்துக்கு எத்தனை வீடுகள் தேவைப்படும்?

இந்தக் கணக்கைப் பெரும்பாலான விண்ணப்பங்களில் காண முடிவதில்லை என்பதால் இங்கே ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். எடுத்துக்கொள்ளும் எண்கள் விளக்கத்துக்கானவை; ஒவ்வொரு நகரமும் தன் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும்.

30,000 சதுர மீட்டர் அலுவலகப் பரப்பில், ஒருவருக்கு 15 சதுர மீட்டர் என்று வைத்தால் 2,000 பேர் வேலை செய்வார்கள். ஒரு வீட்டில் சராசரியாக ஒன்றரைப் பேர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏறத்தாழ 1,330 வீடுகள் வேண்டும். வீடு ஒன்று 80 சதுர மீட்டர் என்றால் மொத்தக் குடியிருப்புப் பரப்பு ஒரு லட்சத்து ஆறாயிரம் சதுர மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது அலுவலகப் பரப்பைப் போல மூன்றரை மடங்கு. ஒரு மேசைக்கு இருவர் என்று இருக்கைகளைப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனமாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடும்.

எனவே ஒரு கட்டடத்தில் பாதி அலுவலகமும் பாதி வீடுமாகக் கட்டப்படும் திட்டம், சமநிலை என்ற பெயரில் முன்வைக்கப்பட்டாலும், அது வட்டாரத்தின் வீட்டுத் தேவையைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்கிறது. இந்த 1,330 வீடுகளும் அதே தெருவில் இருக்க வேண்டியதில்லை; மனிதர் தம் வேலைக்குப் பக்கத்து வீட்டிலேயே வாழ்வதில்லை. ஆனால் நியாயமான பயண நேரத்துக்குள் எங்கோ அவற்றுக்கு மண்டல அனுமதி இருந்தாக வேண்டும். அது எங்கே என்று யாரும் சொல்லாதபோது, ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கான போட்டியாக அந்தத் தேவை மாறுகிறது. தோக்கியோவின் மையத்திலுள்ள சியோதா வட்டாரம் இதன் எல்லை நிலை: 2020 கணக்கெடுப்பின்படி இரவில் அங்கே தங்குபவர்கள் சுமார் 67 ஆயிரம் பேர், பகலில் இருப்பவர்களோ ஏறத்தாழ 9 லட்சம். அந்த இடைவெளியைத் தாங்குவது தோக்கியோவின் இரயில் வலை. அத்தகைய இரயில் வலை இல்லாத நகரம் அந்த விகிதத்தைப் பின்பற்றக் கூடாது.

அப்படியானால் எல்லாப் பகுதிகளையும் கலப்பு மண்டலமாக அறிவித்துவிடலாம் அல்லவா?

கலப்பு நல்லதுதான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பல் மருத்துவரும், கணக்காளரும், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனமும் இருப்பது தெருவுக்கு உயிர் தருகிறது. பகல் முழுவதும் கண்கள் தெருவின் மீது இருக்கின்றன. ஆனால் "கலப்பு" என்ற சொல்லுக்கு அளவு இல்லாவிட்டால், மேலே சொன்ன வாடகை வேறுபாட்டினால் அது சில ஆண்டுகளில் அலுவலக மண்டலமாகவே முடிந்துவிடும்.

அளவை எப்படி எழுதுவது என்பதற்கு ஜப்பானின் விதிகள் எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவான முன்மாதிரி. அங்கே நாடு முழுவதுக்கும் பொதுவாக 13 மண்டல வகைகள் இருக்கின்றன. மிகக் கடுமையான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில், வீட்டோடு சேர்ந்த அலுவலகம் மட்டும், அதுவும் 50 சதுர மீட்டருக்குள்ளும் கட்டடத்தின் பாதிக்குக் குறைவாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த வகைகளில் இந்த வரம்பு ஏறுகிறது: நடுத்தர உயரக் குடியிருப்பு மண்டலத்தின் இரண்டாம் வகையில் இரண்டு மாடிகளுக்குள் 1,500 சதுர மீட்டர், முதல் வகைப் பொதுக் குடியிருப்பு மண்டலத்தில் 3,000 சதுர மீட்டர். வணிக மண்டலத்தில் வீடு கட்டத் தடையில்லை. இந்த அமைப்பின் நுட்பம் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வீடு ஏறக்குறைய எங்கும் போகலாம். அலுவலகத்தின் அளவு மட்டுமே வீதிக்கேற்ப ஏறி இறங்குகிறது.

ஜெர்மனி வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. அங்கே குடியிருப்பு மண்டலத்தில் வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர் போன்ற தனித்தொழில் செய்வோர் கட்டடத்தின் சில அறைகளைப் பயன்படுத்தலாம். முழுக் கட்டடத்தையும் அலுவலகமாக்க முடியாது. 2017இல் "நகர்ப்புறப் பகுதி" என்ற புதிய மண்டலம் சேர்க்கப்பட்டது. பழைய கலப்பு மண்டலத்தில் வீடும் தொழிலும் ஏறத்தாழச் சம எடையில் இருக்க வேண்டியிருந்தது. புதியதில் அந்தச் சம எடை கட்டாயமில்லை. அதற்கு ஈடாக இரைச்சலுக்குத் தெளிவான வரம்பு வைத்தார்கள்: பகலில் 63 டெசிபல், இரவில் 45. பொதுவான குடியிருப்புப் பகுதியில் இது பகலில் 55, இரவில் 40. பயன்பாட்டின் பெயரைப் பார்ப்பதற்குப் பதில் அதன் பாதிப்பை அளக்கும் இந்த முறை, அளக்க ஆளும் கருவியும் உள்ள நகரங்களுக்குப் பொருந்தும்.

உயரமான அலுவலகத்துக்கும் தாழ்ந்த வீடுகளுக்கும் நடுவில் எல்லையை எங்கே வரைவது?

பல வரைபடங்களில் மண்டல எல்லை சாலையின் நடுக்கோட்டில் ஓடுகிறது. வரைவதற்கு அது எளிது, வாழ்வதற்கு மிகக் கடினம். சாலையின் ஒரு பக்கம் இருபது மாடி, எதிர்ப்பக்கம் இரண்டு மாடி என்றாகிறது. எதிர்ப்பக்கத்து உரிமையாளரும் அதே உரிமையைக் கேட்கிறார். எல்லை ஒரு தெரு உள்ளே நகர்கிறது. சில ஆண்டுகளில் மறுபடியும் நகர்கிறது. மனைகளின் பின்பக்க எல்லையில் கோடு வரைவதும், அந்தக் கோட்டை நெருங்கும்போது உயரம் படியிறங்க வேண்டும் என்று எழுதுவதும் கூடுதல் பாதுகாப்பு.

வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் மாவட்டம் இதைப் பொறுமையாகச் செய்து காட்டியது. மெட்ரோ இரயிலை நெடுஞ்சாலையின் நடுவே கொண்டுபோவது செலவு குறைவாக இருந்தும், பழைய வணிகச் சாலைக்கு அடியில் கொண்டுவர வேண்டும் என்று மாவட்டம் வாதிட்டு வென்றது. 1979 முடிவதற்குள் ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்களும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றிக் கால் மைல் அளவில் அலுவலகமும் அடுக்குமாடி வீடுகளும் உயரமாக எழ அனுமதிக்கப்பட்டன; அங்கிருந்து விலக விலக உயரம் குறைந்து, சில தெருக்கள் தள்ளித் தனி வீடுகள் அப்படியே நிற்கின்றன. அடர்த்தி எங்கே வரும், எங்கே வராது என்பது குடியிருப்போருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அந்த ஒப்பந்தம் பல பத்தாண்டுகள் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

பாரிஸ் தூரத்தை எல்லையாக்கியது. 1958இல் லா டெஃபான்ஸ் பகுதியை உருவாக்கப் பிரெஞ்சு அரசு தனி நிறுவனம் அமைத்தது; கோபுரங்கள் நகர எல்லைக்கு வெளியே மேற்கில் குவிந்தன. 1973இல் நகருக்குள் 210 மீட்டர் உயரத்தில் எழுந்த மொன்பர்னாஸ் கோபுரம் கிளப்பிய எதிர்ப்பு, 1977இல் 37 மீட்டர் உயர வரம்பாக முடிந்தது. பழைய நகரம் காப்பாற்றப்பட்டது. ஆனால் லா டெஃபான்ஸில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கைக்கும் அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கைக்கும் பெரும் இடைவெளி உருவானது.

ஆண்டுக்கு இவ்வளவு அலுவலகப் பரப்புதான் என்று உச்சவரம்பு வைத்தால் பயன் உண்டா?

மூன்று நகரங்களின் அனுபவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்கு நல்ல விடை தரும்.

இலண்டனில் 1964 நவம்பரில் புதிய அலுவலகக் கட்டடங்களுக்கு அரசு தடை அறிவித்தது. 1965இல் வந்த சட்டம், அரசின் தனி அனுமதிச் சீட்டு இல்லாமல் அலுவலகம் கட்ட முடியாதபடி செய்தது. 1979 வரை அந்த முறை நீடித்தது. புதிய கட்டடங்கள் குறைந்தன, ஆனால் நிறுவனங்களின் தேவை குறையவில்லை. ஏற்கெனவே கட்டி வைத்திருந்தவர்களின் வாடகை ஏறியது. தடையால் முதலில் இலாபம் அடைந்தவர்கள் அன்றைய கட்டட உரிமையாளர்களே.

சான் பிரான்சிஸ்கோ 1986இல் வாக்காளர்களின் தீர்ப்பாக ஆண்டுக்கு 9,50,000 சதுர அடி என்ற வரம்பை வைத்தது. மந்தமான ஆண்டுகளில் பயன்படாத பங்கு அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்ந்ததால் வரம்பு நீண்ட காலம் யாரையும் தடுக்கவில்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகிய ஆண்டுகளில் மட்டும் இறுக்கியது. 2020இல் வாக்காளர்கள் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள்: குறைந்த வருமானத்தினருக்கான வீட்டு இலக்கை நகரம் எட்டாத அளவுக்கு அலுவலக வரம்பும் சுருங்கும். முதல் வரம்பைவிட இந்த இணைப்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டு எண்களும் ஒரே விதியில் முதன்முறையாகச் சந்தித்தன.

பிரஸ்ஸல்ஸ் நகரில் 1960களிலும் 70களிலும் குடியிருப்புகளை இடித்து அலுவலகங்கள் கட்டப்பட்ட விதம், "பிரஸ்ஸல்ஸ் ஆக்குதல்" என்ற வசைச் சொல்லையே நகரத் திட்டமிடலுக்குத் தந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் வந்த 2001ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுத் திட்டம், நகரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் எத்தனை சதுர மீட்டர் அலுவலகம் அனுமதிக்கலாம் என்ற மீதியைக் கணக்குப் புத்தகம் போலப் பராமரிக்கிறது. ஓர் அலுவலகம் வந்தால் மீதி குறைகிறது. ஓர் அலுவலகம் வீடாக மாறினால் மீதி கூடுகிறது. நகரம் முழுவதுக்கும் ஒரே எண் வைப்பதைவிட இது மேலானது, ஏனெனில் சுமை விழுவது நகரத்தின் சராசரியில் அன்று, குறிப்பிட்ட ஒரு தெருவில்.

அலுவலகம் கட்டுபவரிடம் வீடுகளுக்காகக் கட்டணம் வசூலிப்பது நியாயமா?

புதிய கட்டடத்துக்கான வடிகால் செலவைக் கட்டுபவரிடம் கேட்பது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயம் இதிலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 1981இலும் பாஸ்டன் 1983இலும் இந்த முறையைத் தொடங்கின. பாஸ்டனில் தொடக்கத்தில் ஒரு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட வணிகத் திட்டங்கள், கூடுதல் பரப்புக்கு ஏற்பக் குறைந்த விலை வீடுகளுக்கான நிதிக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் வேலைப் பயிற்சிக்கும் இதே போன்ற கட்டணம் சேர்ந்தது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கட்டணம் வசூலாகியும் வீடு கட்ட மண்டல அனுமதியுள்ள நிலம் இல்லாவிட்டால் பணம் கணக்கில் கிடக்கும். மேலும், மந்தமான காலத்தில் அதே கட்டணத்தைக் கேட்டால் திட்டமே நின்றுபோகலாம். ஆகவே விகிதத்தை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யும் ஏற்பாட்டை விதியிலேயே எழுத வேண்டும்.

வீடுகள் ஒவ்வொன்றாக அலுவலகமாக மாறுவதை எப்படித் தடுப்பது?

குடியிருப்புப் பகுதிகள் பெரும்பாலும் இப்படித்தான் கரைகின்றன என்பதால் இந்தக் கேள்விக்குத் தனிக் கவனம் தேவை. இருபது மாடிக் கட்டடத்துக்கு அறிவிப்பு வரும், விசாரணை நடக்கும், எதிர்ப்பு எழும். தரைத்தள வீடு ஒன்று விற்பனை அலுவலகமாக மாறும்போது இவை எதுவும் நடப்பதில்லை. பத்து ஆண்டுகளில் ஒரு தெருவில் முப்பது வீடுகளுக்கு எட்டு மாறியிருக்கும். அதன்பின் "இது இனிமேல் குடியிருப்புத் தெரு அன்று" என்ற காரணத்தையே காட்டி வகைமாற்றம் கேட்பார்கள்.

மேற்கு ஜெர்மனியில் 1971இல் இயற்றப்பட்ட சட்டம், வீட்டுப் பற்றாக்குறை உள்ள இடங்களில் வாழ்விடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி பெற வேண்டும் என்று விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. வெஸ்டெண்ட் போராட்டங்களுக்கு மறு ஆண்டில் அது வந்தது. பிரஸ்ஸல்ஸின் குடியிருப்பு மண்டலங்களில் ஒரு கட்டடத்துக்குள் அலுவலகப் பரப்பு பொதுவாக 250 சதுர மீட்டருக்குள் நிற்க வேண்டும். இத்தகைய விதிகளுக்குப் பல் இருக்க வேண்டுமானால், பயன்பாட்டுப் பதிவேடு ஒன்று வீதிவாரியாக, எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். விதிமீறிய மாற்றங்களை அபராதம் பெற்றுக்கொண்டு வரன்முறைப்படுத்தும் திட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் நகரத்தில், விதியை மதித்தவரே நட்டப்பட்டவர் ஆகிறார். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவரை இவ்விதி தண்டிக்கக் கூடாது. அவர் அங்கேயே வசிக்கிறார், வெளி ஊழியர்கள் அவரிடம் இல்லை, வாடிக்கையாளர் வரிசை வாசலில் நிற்பதில்லை. இந்த மூன்றையும் சோதனையாக வைத்தால் போதும்.

காலியாகக் கிடக்கும் அலுவலகங்களை வீடுகளாக மாற்றினால் சிக்கல் தீருமா?

ஓரளவு தீரும். 1995இல் நியூயார்க் கீழ் மன்ஹாட்டனில் வரிச்சலுகை தந்து தொடங்கிய மாற்றத்தில் சுமார் 13 ஆயிரம் வீடுகள் உருவாயின. வேலை நேரம் முடிந்ததும் வெறிச்சோடிய ஒரு பகுதி குடியிருப்பாக மாறியது. கனடாவின் கல்கரி நகரம், மையப் பகுதி அலுவலகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியாகிவிட்ட நிலையில், 2021இல் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் மானியம் அறிவித்தது.

எல்லாக் கட்டடமும் இதற்கு இணங்காது. பழைய அலுவலகங்கள் சன்னலிலிருந்து அதிக ஆழமின்றி இருப்பதால் அறைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். பிற்காலத்து அலுவலகங்களின் தளங்கள் அகலமானவை. நடுவில் இருபது மீட்டர் தள்ளி ஒரு படுக்கையறை அமைந்தால் அதற்குச் சன்னலே இருக்காது. கழிவுநீர்க் குழாய்கள் கட்டடத்தின் நடுப்பகுதியில் மட்டும் இருக்கும். இங்கிலாந்து 2013இல் திட்ட அனுமதியே கேட்காமல் அலுவலகத்தை வீடாக்கலாம் என்று விதியைத் தளர்த்தியபோது நேர்ந்தது நல்ல பாடம். அரசு கேட்டு 2020இல் வெளியான ஆய்வில், இந்த வழியில் உருவான வீடுகளில் 22 விழுக்காடு மட்டுமே தேசியப் பரப்பளவுத் தரத்தை எட்டியிருந்தன. முழு அனுமதி பெற்று உருவானவற்றில் இது 73 விழுக்காடு. அதற்குப் பின்னரே வாழும் அறைகளுக்கு இயற்கை வெளிச்சமும், ஒருவர் வாழும் வீட்டுக்குக் குறைந்தது 37 சதுர மீட்டரும் கட்டாயமாயின. மாற்றத்தை விரைவுபடுத்தலாம். வெளிச்சம், பரப்பு, காற்றோட்டம் மூன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அலுவலகங்களுக்கு வாகன நிறுத்தும் இடத்தைக் கட்டாயமாக்கினால் தெரு காலியாகாதா?

பொதுவாக எதிர்விளைவே வருகிறது. நிறுத்த இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் காரில் வருவோர் பெருகுகிறார்கள். இலண்டன் 2004இல் குறைந்தபட்ச நிறுத்துமிடம் என்ற விதியை நீக்கி, இதற்கு மேல் கூடாது என்ற வரம்பை வைத்தது. அலுவலகத்தில் வரம்பு, குடியிருப்புத் தெருவில் குடியிருப்போருக்கான நிறுத்த அனுமதிச் சீட்டு, இரண்டும் சேர்ந்தால்தான் பலன் தரும். போதிய பொதுப் போக்குவரத்து இல்லாத இடத்தில் பெரிய அலுவலகத்தையே அனுமதிக்க வேண்டாம்.

ஒரே ஒரு மனைக்கு மட்டும் விலக்கு கேட்டால் எதிர்க்க வேண்டுமா?

விலக்கு என்பது மனையின் வடிவம், சரிவு போன்ற இயற்கையான இடர்ப்பாடுகளுக்காக ஏற்பட்டது. முக்கோண மனையில் பின்பக்க இடைவெளி விட முடியவில்லை என்றால் அதைக் கேட்பது சரி. வருமானம் கூடும் என்பது இடர்ப்பாடு ஆகாது. சுற்றிலும் குடியிருப்பாக இருக்கும்போது ஒரு மனையை மட்டும் வணிகமாக வகைமாற்றுவது, அடுத்த மனைக்காரருக்கு மறுக்க முடியாத முன்னுதாரணமாகிறது. அந்தத் தெருவில் அலுவலகம் வருவது உண்மையிலேயே நகருக்கு நல்லது என்றால், தெரு முழுவதையும் வெளிப்படையாக மறுவகைப்படுத்தி, அதற்கான வீதி, வடிகால், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

குடியிருப்போர் எதிர்ப்பதெல்லாம் நியாயமானதா?

இல்லை. அலுவலகத்தை எதிர்க்கும் அதே சங்கம், அடுத்த தெருவில் அடுக்குமாடி வீடுகள் வருவதையும் "பகுதியின் தன்மை" என்ற பெயரில் எதிர்ப்பதைப் பல நகரங்களில் பார்க்கிறோம். வேலைகளை ஏற்றுக்கொண்டு வீடுகளை மறுத்தாலும், இரண்டையும் மறுத்தாலும், சுமை வேறு எங்கோ இருக்கும் வலுவற்ற குடியிருப்பின் மீது இறங்குகிறது. குரல் எழுப்ப நேரமும் சட்ட அறிவும் உள்ளவர்கள் வாழும் தெருக்கள் காப்பாற்றப்பட்டு, வாடகைதாரர் நிறைந்த தெருக்களுக்கு அலுவலகங்கள் தள்ளப்படுவதை மண்டலக் கொள்கையின் மிகப் பெரிய அநீதியாக நான் கருதுகிறேன். குடியிருப்புப் பகுதியைக் காக்கும் விதி, வீட்டு உரிமையாளரைக் காப்பதோடு நின்றுவிடாமல், அங்கே வாடகைக்கு வாழ்பவரையும் இனி வாழ வர விரும்புபவரையும் எண்ணி எழுதப்பட வேண்டும்.

பொது விசாரணையில் பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் எதைக் கேட்பது?

கட்டடம் அழகாக இல்லை என்பதில் அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பரப்பு மட்டும் சொல்லப்பட்டிருந்தால், ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கான வீடுகள் எந்த மண்டலங்களில், எத்தனை ஆண்டுகளுக்குள் அனுமதிக்கப்படும் என்பதற்கு நகரத் திட்ட அலுவலகத்திடம் விடை கேளுங்கள். நிழல் வரைபடம் ஆண்டின் எந்த நாளுக்கு வரையப்பட்டது என்று பாருங்கள். சூரியன் உச்சியில் நிற்கும் பருவத்தின் நண்பகலுக்கு வரைந்தால் எந்தக் கட்டடத்தின் நிழலும் சிறியதாகவே தெரியும், சூரியன் தாழ்ந்து செல்லும் பருவத்தின் காலைக்கும் மாலைக்கும் வரைந்ததைக் கேட்க வேண்டும். போக்குவரத்து ஆய்வு வேலை நாளில் நடந்ததா, பள்ளி விடுமுறையில் நடந்ததா என்பதையும் கேளுங்கள். அனுமதியோடு விதிக்கப்படும் நிபந்தனைகளை யார் சரிபார்ப்பார்கள், எந்தத் தேதியில், மீறினால் கட்டடத்தைப் பயன்படுத்தும் சான்று நிறுத்தப்படுமா என்பதற்கான விடை கூட்டக் குறிப்பில் பதிவாகும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள்.